துரைக்கு அளவுச் சாப்பாடு

ஆலையின் கேண்டீனில் சோறு போடும் இடத்தில் நிற்பவளுக்கு ‘இன்னுங்கொஞ்சம்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. தட்டை நீட்டியவன் ‘போதும்’ என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அவள் ‘இன்னுங்கொஞ்சம்’ என்பாள். சொல்லும்போதே அது தட்டில் விழுந்திருக்கும். கையை மறித்து வைத்தால் விரல் மேலேயே கொட்டிவிடுவாள் என்பதால், விவரம் தெரிந்தவர்கள் தட்டை இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக நகர்ந்துவிடுவார்கள்.

அவள் கையில் இருந்த கரண்டிக்கும் ஒரு பெயர் இருந்தது. அடி தட்டையாக, வாய் அகன்று, பிடி குட்டையாக இருக்கும் அந்தப் பெரிய கரண்டியைக் கேண்டீனில் எல்லோரும் ‘அளவு’ என்றே சொன்னார்கள். ‘அந்த அளவை எடு’, ‘அளவைக் கழுவி வை’ என்பதுதான் பேச்சு. ஆளுக்கு ஓர் அளவு, அதுவும் தலை தட்டி, என்பது நிர்வாகத்தின் சட்டம். தலை தட்டுவது என்றால் விளிம்புக்கு மேல் நிற்பதை வழித்துத் தள்ளிவிட்டு மட்டமாகப் போடுவது. அவள் ஒரு நாளும் தலை தட்டியதில்லை. குவித்துத்தான் போடுவாள்.

மேற்பார்வையாளர் ஒரு தடவை வரிசையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“ஏம்மா, அளவுச் சாப்பாடுன்னு போர்டுல எழுதியிருக்கே, கண்ணுக்குத் தெரியலையா?”

“தெரியுது சார். எழுதினவரு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுறாருன்னும் தெரியுது.”

வரிசையில் சிரிப்பு. மறுநாள் அவளைப் பாத்திரம் கழுவும் பக்கம் தள்ளினார்கள். அவள் அங்கேயும் சும்மா இருக்கவில்லை. அண்டாவின் அடியில் தங்கியதை வழித்தெடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகக் கிளம்பிவிட்டாள். பழைய இடத்திலேயே இருந்து தொலையட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இதைத் தாராளம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் தாராளத்தில் எதிரே நிற்பவன் முகம் தெரிய வேண்டும். வயிற்றுப் புண்காரன், சர்க்கரைக்காரன், அன்று பசியில்லாதவன் என்று எந்த முகமும் அவளுக்குத் தெரிந்ததில்லை. அவள் எல்லாத் தட்டுகளிலும் ஒரே தட்டைத்தான் பார்த்தாள். பெரியம்மா வீட்டில் வளர்ந்தபோது அவள் முன்னால் வைக்கப்பட்ட தட்டு அது. பெரியம்மா தன் பிள்ளைகளுக்குக் கையால் அள்ளிப் போடுவாள். இவளுக்கு மட்டும் ஒரு டம்ளர். டம்ளரில் சோற்றை அழுத்தாமல் நிரப்பி, ஆள்காட்டி விரலால் வாயைச் சுற்றி ஒரு வழி வழித்துவிட்டுக் கவிழ்ப்பாள். அடித்ததில்லை, திட்டியதுகூடக் குறைவு. அந்த ஒரு விரல்தான்.

கல்யாணமான புதிதில் கணவனிடம் இவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. “நம்ம வீட்ல யாரும் யாருக்கும் அளந்து போடக் கூடாது.” அவர் பஸ் டிப்போவில் டயர்களுக்குக் காற்றுப் பார்ப்பவர். டிப்போவில் அவருக்கும் ‘காத்து’ என்றே பெயர். “நான் காத்தை மட்டுந்தான் அளப்பேன்” என்றார். அந்த ஒப்பந்தம் அன்றிலிருந்து மீறப்படவில்லை.

அந்த வீட்டுக்குத்தான் துரை வந்து சேர்ந்தது.

மேல் மாடியில் குடியிருந்த தம்பதி வெளியூருக்கு மாற்றலாகிப் போனார்கள். போகிற இடத்தில் பூனை கூடாதாம். ‘வேற வீடு பாக்குற வரைக்கும் வெச்சுக்குங்க’ என்று பிளாஸ்டிக் கூண்டோடு கொடுத்துவிட்டுப் போனவர்கள், அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. கூண்டைத் திறந்ததும் சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டை வெளியே வந்து, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, காத்துவின் நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டது. கழுத்தைச் சுற்றிப் பிடரி முடி, தொடையில் கால்சட்டை போட்டது போல முடி, வால் ஒரு ஒட்டடைக் குச்சி.

“துரை எங்க நாற்காலியெல்லாம் எடுத்துக்கலாமா?” என்றார் காத்து, நின்றபடியே. பெயர் நிலைத்துவிட்டது.

தெருவைப் பார்த்தறியாத பூனை. ஜன்னல் விளிம்பிலிருந்து புறாக்களைத் திட்டுவதோடு அதன் வேட்டை முடிந்தது. வந்த சில வாரங்களில் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது, கால்நடை டாக்டரம்மா அதன் விலாவில் கை வைத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கனம்தான் என்றார். சின்ன வயசு, கறாரான ஆள். அடுத்த நாயின் சீட்டை எடுத்துக்கொண்டே, “கண்டதைக் குடுக்காதீங்க. இந்தத் தீனி மட்டும். காலைல ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு. போதும்” என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இன்னுங்கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஆனாலும் டாக்டர் சொன்னதாயிற்றே. ஊரான் வீட்டுப் பூனை வேறு, ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் சட்டத்தை அவளே தளர்த்தினாள். பரணிலிருந்து ஒரு பழைய கரண்டியை எடுத்தாள். கேண்டீனில் பிடி கழன்றதால் கழித்துக்கட்டிய கரண்டி. காத்து அதற்கு ஒரு ஆணி அடித்துச் சரிசெய்து வைத்திருந்தார். வீட்டிலும் அதற்கு ‘அளவு’ என்றே பெயர். காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு. டாக்டர் சொன்னது சொன்னபடி.

நீள முடிப் பூனைகளிடம் ஒரு மோசடி உண்டு. அவை இளைத்தாலும் தெரியாது, பெருத்தாலும் தெரியாது. முடி எல்லாவற்றையும் மூடி அழகாக்கிவிடும். துரை நாளுக்கு நாள் அகலமாக, கீழ்த்தளத்தில் இருந்த நாத்தனார் தினமும் வந்து கன்னத்தில் கை வைத்தாள்.

“அண்ணி கை ராசி. என்னமா பொசுபொசுன்னு இருக்கான் பாருங்க.”

நடுவில் துரை முடிச்சுருண்டையைக் கக்கும். நக்கி நக்கி விழுங்கிய முடி. கக்கியதும், ஐயோ வயிறு காலியாகிவிட்டதே என்று இன்னொரு அரை அளவு விழும்.

பிறகுதான் அந்த வாடை வந்தது. முதலில் குப்பைக்கூடை என்று நினைத்தார்கள். சீப்பை எடுத்து வாரியபோது, இடுப்புக்குப் பின்னால் சீப்பு ஓடவில்லை. வாலடியில் முடி திரித் திரியாகச் சிக்குப் பிடித்து, தோலோடு இழுத்துக் கட்டியது போல இறுகியிருந்தது. ஒரு சிக்கைப் பிரித்ததும் கீழே தோல் சிவந்து கசிந்தது. துரை சத்தம் போடாமல் அவள் கையைக் கவ்வியது. கடிக்கவில்லை, கவ்விக்கொண்டு அப்படியே பார்த்தது.

டாக்டரம்மா சிக்குகளை மழித்து, புண்ணுக்கு மருந்து போட்டார். பிறகு துரையைத் தராசில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“இவனால திரும்பித் தன் முதுகை நக்க முடியல. உடம்பு அவ்வளவு பெருத்துப் போச்சு. அதான் சிக்கு, அதான் புண்ணு. என்னம்மா குடுக்குறீங்க?”

“நீங்க சொன்னதுதான். காலைல ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு.”

“வாய்ப்பே இல்ல.”

“பொய் சொல்றனா நான்?” அவளுக்குச் சுருக்கென்றது. “குவிச்சுக்கூடப் போடல டாக்டரம்மா. கொஞ்சந்தான் மேல நிக்கும்.”

“எதுல போடுறீங்க?”

இன்னுங்கொஞ்சம் கையால் காட்டினாள். டாக்டரம்மா அந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார். “அது என்ன, சட்டியா?”

“அளவு” என்றாள் இவள்.

“நான் சொன்ன அளவு, தீனிப் பாக்கெட்டுக்குள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணம் இருக்குமே, அது.”

காத்து தொண்டையைச் செருமினார். அந்தக் கிண்ணம் அவருக்குத் தெரியும். இனாமாகக் கொடுத்தது என்று நினைத்து, அதில் டயர் வால்வு மூடிகளைப் போட்டு வைத்திருந்தார்.

டாக்டரம்மா சிரித்திருந்தால் ஒருவேளை சண்டையாகியிருக்கும். அவர் சிரிக்கவில்லை. இன்னுங்கொஞ்சத்தின் கையைப் பிடித்துத் துரையின் விலாவில், முடிக்குள்ளே விட்டு, விரல்களை வைத்தார்.

“எலும்பு தட்டுதா?”

தட்டவில்லை. விரல் மெத்தைக்குள் போவது போலப் போய்க்கொண்டே இருந்தது.

“லேசா அழுத்தினாலே தட்டணும். இப்படியே போனா சர்க்கரை வரும், ஈரல் கெடும். ரொம்ப நாள் இருக்க மாட்டான்மா. அதுக்காக வீட்டுக்குப் போய்ப் பட்டினி போட்டுடாதீங்க, பூனை ரெண்டு நாள் சாப்பிடாம கெடந்தா அதுவே ஆபத்து. படிப்படியா குறைக்கணும். அந்தக் கிண்ணத்துல இத்தனைன்னு நான் சொல்றேன். அதைச் சின்னச் சின்ன வேளையா பிரிச்சுக் குடுங்க. ஒவ்வொரு தடவையும் தலை தட்டிப் போடுங்க.”

தலை தட்டி. அவர் சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலை, வால்வு மூடிகளைக் கொட்டிவிட்டுக் கழுவிய கிண்ணத்தில் தீனியை அள்ளினாள். மேலே குவிந்து நின்றது. அதை வழிக்க விரலைக் கொண்டுபோனாள். விரல் விளிம்பைத் தொட்டதும் நின்றுவிட்டது. காலடியில் துரை சுற்றிச் சுற்றி வந்து கத்திக்கொண்டிருந்தது. குவித்தபடியே கொட்டிவிட்டு, இன்னொரு கிண்ணமும் போட்டாள்.

“டாக்டர் என்ன சொன்னாங்க?” என்றார் காத்து.

“டாக்டருக்கு என்ன. அவங்க யார் கைலயும் தட்டை நீட்டிக்கிட்டு நின்னிருக்க மாட்டாங்க.”

“காத்து கொறஞ்சாலும் டயர் போகும், கூடினாலும்...”

“உங்க டயர் கத்துமா? காலைச் சுத்துமா? பேசாம இருங்க.”

அவர் டிப்போவுக்குக் கிளம்பிவிட்டார்.

அன்று வேலை முடிந்து வந்தபோது துரை கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது. மழித்த இடத்தில் மருந்து அரித்திருக்க வேண்டும். தலையைத் திருப்பி, நாக்கை நீட்டி, புண்ணை எட்டப் பார்த்தது. வயிறு குறுக்கே நின்றது. இன்னொரு பக்கமாகத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பக்கமும் அதே வயிறு. மூன்றாவது முயற்சியில் நிலை தவறி, ஒரு மூட்டை சாய்வது போலப் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. எழுந்திருக்கவில்லை. விழுந்த இடத்திலேயே, அதற்காகத்தான் படுத்தது போலக் கண்ணை மூடிக்கொண்டது.

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். தன் வீட்டில் யாருக்கும் எந்தக் குறையும் வந்துவிடக் கூடாது என்று அவள் போட்ட ஒவ்வொரு கரண்டியும் அந்தப் பூனைக்கும் அதன் முதுகுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. யார் மேலாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது. டாக்டர் மேல், அந்தத் தம்பதி மேல், பெரியம்மா மேல். யாரும் கைக்கு அகப்படவில்லை.

சமையலறைக்குப் போனாள். கிண்ணத்தில் அள்ளினாள். ஒரு கத்தியின் முதுகால் வாயை வழித்தாள். விரலால் வழிக்க மட்டும் அவளால் முடியாது. அன்று மட்டுமில்லை, பிறகும் முடியவில்லை.

அதன் பிறகு நடந்ததைச் சண்டை என்றுதான் சொல்ல வேண்டும். முதல் எதிரி துரைதான். தட்டைக் காலி செய்துவிட்டு, அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, கண் இமைக்காமல் பார்க்கும். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே ஒப்பாரி. அவள் அசையவில்லை. ஒரு வேளைத் தீனியைத் தட்டில் போடாமல், ஒவ்வொன்றாக வராந்தாவின் கோடிக்குச் சுண்டி எறிந்தாள். முதல் நாள் துரை அந்தத் திசையைப் பார்த்துவிட்டு, எடுத்து வரச் சொல்வது போல அவளைப் பார்த்தது. பிறகு பசி ஜெயித்தது. தொப்பை ஆட, ஆடி ஆடிப் போய்த் தின்றது.

இரண்டாவது எதிரி கேண்டீன். செய்தி எப்படிப் போயிற்றோ தெரியாது. வெல்டிங் பிரிவுக்காரர் ஒருவர் தட்டை நீட்டிக்கொண்டு, “யக்கா, பூனைக்கு அளவுச் சாப்பாடாமே? எங்களுக்கும் நாள் குறிச்சாச்சா?” என்றார்.

“உனக்குப் புண்ணு வரட்டும், குறிக்கிறேன்.”

“வந்துடுச்சுக்கா, வயித்துல. மூணு வருஷமா ‘போதும் போதும்’னு சொல்லிட்டு வர்றேன், நீங்க எங்க கேட்டீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் நகர்ந்துவிட்டார். அன்று முதல் அவர் ‘போதும்’ என்றால் அவள் கை நின்றது. மற்றவர்களுக்கு நின்றதா என்றால், அப்படி ஒரேயடியாக மாறிவிடுகிறவள் இல்லை அவள்.

மூன்றாவது எதிரிதான் பெரிய எதிரி. நாத்தனார்.

“என்ன அண்ணி, எங்கண்ணன் வீட்ல ரேஷன் கடை தொறந்தாச்சு போல. வாயில்லா ஜீவனாச்சே, பாவம் புடிக்காதா?”

“வாயில்லையா? வா, காலைல வந்து கேளு. தெரு முழுக்கக் கேக்குது.”

“பசிச்சுத்தானே கத்துது.”

“கத்தட்டும்.”

வாரங்கள் போயின. சிக்கு குறைந்தது, புண் ஒரு மாதிரி ஆறியது. ஆனால் தராசு அசையவில்லை. டாக்டரம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். “வீட்ல வேற யாராவது குடுக்குறாங்களா?”

“எங்க வீட்ல நான் அளந்து போடுறேன் டாக்டரம்மா. நான்.” அந்தச் சொல்லின் கனம் அவருக்கு எப்படித் தெரியும்? “அதுக்கு மேல ஒரு துணுக்கு உள்ள போகாது.”

கோபத்தோடு வெளியே வந்தவளுக்கு, பாதி வழியில்தான் காத்துவின் தலை கொஞ்ச நேரமாகக் குனிந்தே இருப்பது உறைத்தது.

“என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“என்னன்னு கேக்குறேன்.”

“தங்கச்சிகிட்ட ஒரு சாவி இருக்குல்ல” என்றார் அவர், எதிரே வந்த பஸ்ஸின் டயரைப் பார்த்துக்கொண்டு.

அடுத்த நாள் அவள் வேலையிலிருந்து பாதியில் கிளம்பி, டிப்போவிலிருந்து காத்துவையும் இழுத்துக்கொண்டு வந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. நாத்தனார் சமையலறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பொரித்த மீனை முள் பார்த்து உதிர்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். துரை அவள் மடியில் ஒரு காலை வைத்துக்கொண்டு தின்றது. பார்க்க அழகான காட்சிதான். அதில் பொய்யும் இல்லை. நாத்தனாருக்கு அந்தப் பூனை மேல் உயிர்.

இன்னுங்கொஞ்சம் குனிந்து தட்டை எடுத்தாள்.

“அண்ணி, வெச்சிருங்க. தின்னுக்கிட்டிருக்கு.”

“எந்திரி.”

“ஒரு துண்டு மீனுக்கு இவ்வளவா? நீங்க கரண்டியை எடுத்தா ஆலைக்காரனுக்கெல்லாம் குவிச்சுக் குவிச்சுக் கொட்டுவீங்க. நான் ஒரு வாய் குடுத்தா குத்தமா?” நாத்தனார் எழுந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. கலங்கிய கண்ணோடுதான் அதைச் சொன்னாள். “உங்க பெரியம்மா கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க. கடைசில நீங்களும் அந்தப் பெரியம்மாவாவே ஆயிட்டீங்க அண்ணி.”

வராந்தாவில் நின்ற காத்து உள்ளே வரவில்லை.

இன்னுங்கொஞ்சம் தட்டை மேடையில் வைத்தாள். துரையைத் தூக்கினாள். அவளால் அதை ஒரே மூச்சில் தூக்க முடியவில்லை, முழங்காலில் ஒரு தடவை தாங்கித்தான் தூக்கினாள். நாத்தனாரின் கையைப் பிடித்து, மழித்த இடத்தில், இன்னும் முடி வளராத அந்தச் சிவந்த தோலின் மேல் வைத்தாள்.

“அவ சோத்தை மிச்சம் புடிச்சா. நான் இவனை மிச்சம் புடிக்கிறேன். ரெண்டும் உனக்கு ஒண்ணாத் தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகட்டும். ஊர் பூரா என்னைப் பெரியம்மான்னு கூப்பிடட்டும். நான் அளந்துதான் போடுவேன். சாவியைக் குடு.”

“அண்ணி...”

“சாவி.”

நாத்தனார் சாவியை மேடையில் வைத்துவிட்டுப் போனாள். படியில் அவள் மூக்கை உறிஞ்சுவது கீழ்த்தளம் வரை கேட்டது. காத்து உள்ளே வந்து, “கொஞ்சம் பதமா சொல்லியிருக்கலாம்” என்றார்.

“பதமா சொன்னா நீங்கல்லாம் அதை ‘இன்னுங்கொஞ்சம்’னு எடுத்துக்குறீங்க.”

நாத்தனார் வெகு நாட்கள் மாடி ஏறவில்லை. பிறகு ஒரு நாள் வாசலில் நின்று, உள்ளே வராமல், “அவன் எப்படி இருக்கான்?” என்றாள். “வந்து பாரு. கையைக் காட்டிட்டு வா” என்று பதில் போயிற்று. நாத்தனார் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டிவிட்டு உள்ளே வந்தாள். சாவி திரும்பிப் போகவில்லை.

தராசு அசையத் தொடங்கியது. டாக்டரம்மா எண்ணைப் பார்த்துவிட்டு, “இன்னும் நெறைய போகணும்” என்றார். விலாவில் விரல் வைத்து அழுத்தியபோது, ஆழத்தில் எங்கோ, எலும்பு என்று சொல்லத்தக்க ஒன்று தட்டியது. அவ்வளவுதான்.

அன்று மாலை துரை தன் பங்கைத் தின்று முடித்தது. வழக்கம் போல அவளைப் பார்த்தது. அவள் வழக்கம் போல அசையவில்லை. துரை எழுந்து, வேண்டுமென்றே முழுதாகத் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. பிறகு ஒரு பின்னங்காலை நீட்டித் தூக்கி, தலையைத் திருப்பி, வாலடியை நக்க ஆரம்பித்தது. சாயவில்லை. மெதுவாக, முறையாக, வேறு யாரும் அந்த அறையில் இல்லாதது போல நக்கியது.

“உன்மேல கோவத்துலதான் முதுகைக் காட்டுறான்” என்றார் காத்து.

“காட்டட்டும்” என்றாள் அவள். “கோவப்படுறதுக்கும் உசுரு வேணும்ல. நல்லா கோவப்படட்டும்.”